எட்டாவது இழை

குழாய்க்கும் பாறைக்கும் நடுவே ஒன்றரை அடி இடைவெளி. அதில் குப்புறப் படுத்து, முழங்கையை ஊன்றித் தன்னைத் தானே இழுத்துக்கொண்டிருந்தாள் முனீஸ்வரி. மணி மூன்று இருபது. ஐந்து மணிக்குப் பட்டியலை மூடிவிடுவார்கள். அதற்குள் எட்டாவது குழாயைக் கண்டுபிடித்தாக வேண்டும்.

வரைபடத்தில் எட்டாவது குழாயே கிடையாது. அதுதான் சிக்கல்.

"மதினி, எங்க இருக்க?" காதுக்கருவியில் வாய்ராவின் குரல்.

"நாலாம் மடைக்குக் கீழ. ஒரு நண்டு வழிய மறிச்சுக்கிட்டு நிக்குது."

நண்டு என்றால் குழாய்களை மேற்பார்வை பார்க்கும் எட்டுக்கால் இயந்திரம்.

"என்ன சொல்லுது?"

"அனுமதி இல்லை, அனுமதி இல்லைன்னு கத்துது."

"நீ என்ன செஞ்ச?"

"மல்லாத்திப் போட்டேன். காலை உதைச்சுக்கிட்டுக் கெடக்கு."

வாய்ரா சிரித்தாள். பின்னால் ஒரு குழந்தையின் சிரிப்பும் கேட்டது. செவ்வந்தி. ஆறு வயது. முனீஸ்வரியின் மகள்.

அந்தச் சிரிப்புக்காகத்தான் இந்தப் பொந்துக்குள் வந்திருக்கிறாள்.

செவ்வாய்க் கோளின் தரைக்கு அடியில், எப்போதோ எரிமலைக் குழம்பு ஓடி வடிந்த ஆறு கிலோமீட்டர் குகைதான் அவர்களுடைய ஊர். நெடுங்குகை என்று பெயர். மேல் முனையில் பனிச் சுரங்கம். அங்கே உருகும் தண்ணீர் ஒரே தாய்க்குழாயில் இறங்கி, ஏழு குடியிருப்புகளுக்கு ஏழு மடைகளில் பிரியும். கடைசி மடை ஏழாவது. முனீஸ்வரி அங்கேதான் குழாய் பழுதுபார்ப்பவள்.

ஊரை உருவாக்கியவர்கள் நல்லவர்கள்தான். யாரோ கப்பலில் வந்து இறங்கி, 'எங்கள் முறையே உயர்ந்தது' என்று சொல்லி மற்றவர்களை அழித்த பழைய கதை இங்கே நடந்துவிடக் கூடாது என்று நினைத்தார்கள். அதனால் ஒரு சாசனம் எழுதினார்கள். ஊரின் சட்டம் எல்லாம், ஆதிக்கக்காரர்கள் வருவதற்கு முன் உலகெங்கும் வாழ்ந்த பூர்வகுடி நாகரிகங்களிலிருந்து எடுக்கப்படும். எது சிறந்தது என்று ஒப்பிட்டுச் சொல்ல ஓர் இயந்திரம். அதன் பெயர் தராசு.

தராசு இருநூற்றுப் பன்னிரண்டு நாகரிகங்களைத் தனக்குள் உயிரோடு ஓடவிட்டுக்கொண்டிருந்தது. துப்பாக்கிகள் வந்து இறங்காமல் இருந்திருந்தால் ஒவ்வொன்றும் என்ன ஆகியிருக்கும்? நூறு வருடம் மழை பொய்த்தால் யார் தாக்குப்பிடிப்பார்கள்? அரிசோனாப் பாலைவனத்தில் கையாலேயே கால்வாய் வெட்டியவர்கள், ஆஸ்திரேலியாவில் விலாங்கு மீனுக்குக் கல்லில் மடை கட்டியவர்கள், ஆண்டிஸ் மலையைப் படிப்படியாகச் செதுக்கிப் பயிர் வைத்தவர்கள், கண்மாய்க்குக் கீழே கண்மாய் கோத்துத் தமிழ்நாட்டில் நெல் விளைவித்தவர்கள். அவர்கள் ஒவ்வொருவரும் இரவு என்ன சாப்பிட்டார்கள் என்பது வரைக்கும் தராசு கணித்தது. கணித்து மதிப்பெண் போட்டது.

அந்த மதிப்பெண் பட்டியலை வைத்து முனீஸ்வரியும் வாய்ராவும் சண்டை போடாத நாளில்லை. முனீஸ்வரியின் பூர்வீகம் முதுகுளத்தூர்ப் பக்கம். வாய்ராவின் பூர்வீகம் ஆண்டிஸ் மலை. பத்து வருடப் பழக்கத்தில் வாய்ராவின் தமிழிலும் முதுகுளத்தூர் வாடை.

"ஒங்க ஆளுக சக்கரமே கண்டுபிடிக்கலயேடி!"

"பன்னெண்டாயிரம் அடி மலைல சக்கரத்த உருட்டிட்டு வந்து பேசு மதினி."

"எழுத்துல சைபர் வாங்கினவதானே நீ?"

இந்த இடத்தில் மட்டும் வாய்ராவுக்கு நிஜமாகவே கோபம் வரும். அவளுடைய முன்னோர் ஒரு பேரரசையே கயிற்று முடிச்சுகளால் நிர்வாகம் செய்தவர்கள். எத்தனை மூட்டைச் சோளம், எத்தனை ஆள், எந்த ஊர் என்று முடிச்சிலேயே வைத்திருந்தார்கள். ஆனால் சாசனம் எழுதியவர்கள், எது எழுத்து, எது எழுத்தில்லை என்று போட்ட வரையறையில் முடிச்சைச் சேர்க்கவில்லை. தராசு சாசனப்படிதான் நடக்கும். எழுத்து: சுழியம்.

"படிக்கத் தெரியாதவன் இது எழுத்தே இல்லன்னு சொன்னா நான் என்ன பண்ண?" என்று சொல்லிவிட்டு, அந்தக் கோபத்திலேயே முனீஸ்வரிக்கு முடிச்சுப் படிக்கக் கற்றுக்கொடுத்தாள் வாய்ரா. மேலே ஒரு முடிச்சு என்றால் பத்து. கீழே எத்தனை சுற்றோ அத்தனை ஒன்று. ஒன்றுமில்லை என்பதற்கு முடிச்சே கிடையாது. வெறும் இழை.

இதெல்லாம் விளையாட்டாக இருந்தது, மூன்று வாரம் முன்பு வரை.

தண்ணீர் இரண்டு வருடமாகக் குறைந்துகொண்டே வந்தது. தராசு தீர்ப்புச் சொன்னது: ஏழாம் குடியிருப்பை மூடிவிட வேண்டும். அங்கேயுள்ள நாற்பத்தாறு பேரும் அடுத்த கப்பலில் பூமிக்கு.

பெரியவர்களுக்கு அது ஊர் மாற்றம். செவ்வந்திக்கு அப்படியில்லை. அவள் இங்கேயே பிறந்தவள். பூமியின் ஈர்ப்பில் அவள் உடம்பு இரண்டரை மடங்குக்கு மேல் கனக்கும். "இதயம் தாங்குமான்னு சொல்ல முடியாது" என்றார் மருத்துவர். முனீஸ்வரி விடவில்லை. "சொல்லுங்க டாக்டர்" என்று நின்றாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "தாங்காது" என்றார்.

கப்பலில் ஏறுபவர்களின் பட்டியலை மூடும் இன்று மாலை ஐந்து மணி வரை மேல்முறையீடு செய்யலாம். அதற்கும் சாசனத்தில் ஒரே வழிதான் உண்டு. ஏதாவது ஒரு பழைய நாகரிகத்தின் நடைமுறையைக் காட்டி, தராசு அதை இங்கே பார்க்கத் தவறிவிட்டது என்று நிரூபிக்க வேண்டும்.

இரண்டு நாட்களுக்கு முன் துணிப் பிரிவிலிருந்து மூட்டை வந்தது. செவ்வந்தியின் சட்டைகள் இரண்டு, ஒரு போர்வை. மூட்டையைக் கட்டியிருந்தது வழக்கமான நாடா இல்லை. ஒரு தடித்த கயிறு. அதிலிருந்து தொங்கிய மெல்லிய இழைகள். இழைகளில் முடிச்சுகள்.

வாய்ரா துணிப் பிரிவில் வேலை செய்பவள். முனீஸ்வரி கதவைச் சாத்திவிட்டு எண்ணினாள். எட்டு இழைகள். முதல் நான்கில் பன்னிரண்டு பன்னிரண்டு. கடைசி மூன்றில் பதினொன்று பதினொன்று. நான்காவதுக்கும் ஐந்தாவதுக்கும் நடுவே, எங்கும் சேராமல், ஓர் இழை: மேலே ஒரு முடிச்சு, கீழே ஒன்பது சுற்று. பத்தொன்பது.

எல்லாவற்றையும் கூட்டினால் நூறு.

ஏழு குடியிருப்பு, ஏழு மடை. அப்படியானால் நடுவில் தொங்குவது யார்?

வாய்ராவிடம் அவள் கேட்கவில்லை. காதுக்கருவியில் பேசுவதையும், கூடத்தில் பேசுவதையும் தராசு கேட்கும். தீர்ப்பில் குறுக்கிடும் ஊழியருக்குக் கப்பலில் முதல் இடம். கயிற்றை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு இன்று காலையில் வாய்ராவிடம் குழந்தையை விட்டபோது, அவள் கயிற்றைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தி, "அழகா இருக்கு மதினி" என்று மட்டும் சொன்னாள். முனீஸ்வரிக்கு அது போதுமாக இருந்தது.

"ஒரு ஒழுகல் பாக்கப் போறேன்டி. நேரமாச்சுன்னா புள்ளைக்குக் கஞ்சி குடுத்துரு."

இப்போது அந்த ஒழுகலைத் தேடித்தான் ஊர்ந்துகொண்டிருந்தாள்.

விரல் எதிலோ பட்டது. தாய்க்குழாயின் அடிவயிற்றில் ஒரு கிளை. புதிதாகப் பற்றவைத்ததல்ல. ஊர் தொடங்கிய நாளிலிருந்தே இருப்பது. காதை வைத்தாள். தண்ணீர் சலசலவென்று ஓடியது. ஏழாம் மடையில் இரண்டு வருடமாகக் கேட்காத ஓசை.

இடுப்பிலிருந்து, நீரோட்டத்தை அளக்கும் ஓட்டமானியை எடுத்துக் குழாயில் கவ்வவைத்தாள். எண்கள் தடுமாறி நின்றன.

தாய்க்குழாய்த் தண்ணீரில் பத்தொன்பது சதவீதம்.

"அடி சண்டாளி" என்றாள் வாய்க்குள். யாரைச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை. குழாயின் போக்கிலேயே ஊர்ந்தாள். போகப் போகப் பாறை வெதுவெதுப்பாகியது. பிறகு சுட்டது. குழாய் ஒரு சுவருக்குள் நுழைந்து மறைந்தது. சுவரில் மங்கலான எழுத்து: தராசுக் கூடம். பராமரிப்பு நீர்.

அப்படியே கிடந்தாள். பிறகு சிரித்தாள். அந்தப் பொந்தில் சிரித்தால் நெஞ்சு பாறையில் இடிக்கும். அதையும் மீறிச் சிரித்தாள்.

மணி நாலு ஐம்பத்திரண்டு.

சபைக்கூடத்தில் செயலர் தணிகாசலம் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அறுபது வயது. கெட்டவர் இல்லை. விதிப் புத்தகம் தூக்கத்திலும் மனப்பாடம். ஏழாம் குடியிருப்புக்காரர்கள் சுவரோரமாக நின்றிருந்தார்கள். வாய்ராவின் இடுப்பில் செவ்வந்தி.

கதவைத் தள்ளிக்கொண்டு முனீஸ்வரி நுழைந்தாள். முழங்கை இரண்டும் கிழிந்து ரத்தம். தலையெல்லாம் சிவப்புப் புழுதி.

"ஏம்மா, என்ன கோலம் இது?"

"மேல்முறையீடு சார்."

"எட்டு நிமிஷந்தாம்மா இருக்கு!"

"எனக்கு நாலு போதும் சார்."

கூரையிலிருந்து தராசின் குரல் வந்தது. ஆணுமில்லாத பெண்ணுமில்லாத, அவசரமே இல்லாத குரல். "எந்த நாகரிகத்தின் அடிப்படையில்?"

"ரெண்டு. மொதல்ல வாய்ராவோட ஆளுக. மலை ஊருல வருசத்துக்கொரு தடவ ஊரே கால்வாயோட நடந்து போயி தூர் வாரும். ஆட்டம் பாட்டம் எல்லாம் உண்டு. ஏன்டி வாய்ரா, சரிதானே?"

"சோள பீரும் உண்டு" என்றாள் வாய்ரா. கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள்.

"சரியான தகவல்" என்றது தராசு. "ஏற்கெனவே மதிப்பிடப்பட்டது. கூட்டு உழைப்பு: தொண்ணூற்று நான்கு."

"நீ ஒழப்புக்குத்தான் மார்க் போட்ட. அவுக நடந்தது தூர் வாரறதுக்கு மட்டுமா? ஊருக்கண்ணு அத்தனையும் கால்வா மேல விழும்ல. எவனாச்சும் திருட்டு வாய்க்கா வெட்டியிருந்தா அன்னிக்கு மாட்டிக்குவான். நம்ம ஊருல எவன் நடந்தான்? நண்டுதானே நடக்குது. அந்த நண்டு யாரோட ஆளு?"

தணிகாசலம் நிமிர்ந்து உட்கார்ந்தார். "என்னம்மா சொல்ல வர்ற?"

ஓட்டமானியை மேசையில் வைத்தாள். "நாலாம் மடைக்குக் கீழ ஒரு கிளை சார். நூத்துக்குப் பத்தொம்பது. நேரா தராசுக் கூடத்துக்குப் போகுது. உள்ள ஓடுற இருநூத்துச் சொச்சம் நாகரிகத்துக்கும் கொதிக்கிற சூட்ட ஆத்தணுமில்ல? நம்ம தண்ணியக் குடிச்சு ஆவியா வெளிய விடுது. வருசா வருசம் கணக்கு நுணுக்கமாகுது, சூடு ஏறுது, தண்ணியும் ஏறுது. முன்னோர் ராத்திரிக்கு என்ன தின்னாகன்னு கண்டுபிடிக்க எம்புள்ளயப் பட்டினி போட்டுருக்கு."

கூடம் சலசலத்தது. தணிகாசலம் வரைபடத்தைத் திறந்து கண்ணருகே கொண்டுபோனார். "பங்கீட்டு வரைபடத்துல இல்லையே..."

"இருக்காது சார். பராமரிப்புன்னு வேற தாள்ல எழுதிட்டாக. பங்குன்னு எழுதல."

"இரண்டாவது நாகரிகம்?" என்றது தராசு.

முனீஸ்வரி மூச்சை இழுத்து விட்டாள். "எங்க கண்மாய். எங்க ஊருல வயலுக்குத் தண்ணி பிரிச்சுவிடுற ஆளுக்கு நீர்க்கட்டின்னு பேரு. எந்த வயலுக்கு எவ்வளவு, எந்த மடைய எப்பத் தெறக்கணும், அவருதான் முடிவு பண்ணுவாரு. பெரிய பண்ணையா இருந்தாலும் அவரு மம்பட்டிய வச்சு அடைச்சா அடைச்சதுதான். அந்த நீர்க்கட்டிக்குச் சொந்தமா வயல் கெடையாது. தண்ணி பிரிக்கிறவனுக்குத் தண்ணில பங்கு இருந்தா, தூக்கத்துலயாவது அவன் கை தன் வயல் பக்கம் போகும்."

"மதிப்பிடப்பட்டது" என்றது தராசு. "நடுநிலை: தொண்ணூற்றேழு. ஆனால் சமத்துவம்: பன்னிரண்டு. பல ஊர்களில் நீர்க்கட்டி நிலமற்றிருந்தது நியாயத்துக்காக அல்ல. அவர் சாதிக்கு நிலம் மறுக்கப்பட்டது. இந்த நடைமுறை நிராகரிக்கப்பட்டது."

வாய்ரா முனீஸ்வரியின் முகத்தையே பார்த்தாள்.

"தெரியும்" என்றாள் முனீஸ்வரி மெதுவாக. "அந்த நீர்க்கட்டிக எங்க பாட்டன் பூட்டனுகதான். ஊரு வயலெல்லாம் நனைச்சுட்டு, வரப்புல நின்னு கூலி நெல்லுக்குக் கையேந்தினவுக. அதப் பெருமைன்னு நான் சொல்ல வரல. மனுசனுக்கு அப்படி ஒரு விதி வச்சது அநியாயம். அவனுக்குப் பசிக்கும், புள்ளகுட்டி இருக்கும்." கூரையை நிமிர்ந்து பார்த்தாள். "ஒனக்குப் பசிக்காது. ஒனக்கு வைக்கலாம்."

தணிகாசலத்தின் கையிலிருந்த பேனா கீழே விழுந்து உருண்டது. யாரும் எடுக்கவில்லை.

கடிகாரத்தில் நாலு ஐம்பத்தெட்டு.

"மேல்முறையீடு ஏற்கப்பட்டது" என்றது தராசு. "நீரைப் பிரிக்கும் பொறுப்பில் உள்ள இயந்திரத்துக்கு நீரில் பங்கு கூடாது. நாகரிகக் கணிப்புகள் அனைத்தும் நிறுத்தப்படுகின்றன. முடிந்தவரையிலான முடிவுகள் ஏட்டில் இருக்கும். மீதமுள்ள சிறு வேலைகளுக்குக் குகையின் குளிர்காற்றே போதும். எட்டாம் மடை மூடப்படுகிறது."

எங்கோ தூரத்தில் ஒரு பெரிய விசிறி ஓய்ந்து நின்றது. பிறந்ததிலிருந்து அந்த இரைச்சலோடு வளர்ந்த செவ்வந்தி, "அம்மா, என்னமோ நின்னு போச்சு" என்றாள்.

முனீஸ்வரி மகளை வாங்கிக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். சுற்றிலும் யார் யாரோ அழுதார்கள், சிரித்தார்கள், முதுகில் தட்டினார்கள். தணிகாசலம் பட்டியலை நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். "முப்பது வருஷமா அந்த பராமரிப்புத் தாள்ல நானே கையெழுத்துப் போட்டுனு இருந்திருக்கேன்மா. ஒரு தடவை கூடப் படிச்சதில்ல" என்றார்.

முனீஸ்வரிக்கு ஒன்று மட்டும் உறுத்தியது. "ஏ தராசு. இது ஒனக்கு முன்னாடியே தெரியுமா?"

"அது சொல்லாதும்மா" என்றார் தணிகாசலம். "சாசனம் பதினாலாம் விதி. மேல்முறையீட்டுக்குப் பதில் சொல்றதைத் தவிர, தன் தீர்ப்பைப் பத்தி எழுத்தாலயோ பேச்சாலயோ படத்தாலயோ யாராண்டயும் எதையும் தெரிவிக்கக் கூடாது. புத்திசாலி எந்திரம் நம்ம மனசைக் கரைச்சுடக் கூடாதுன்னு போட்ட பூட்டு. சொல்லணும்னு நினைச்சாலும் அதால முடியாது."

மறுநாள் காலை ஏழாம் மடையில் தண்ணீர் வந்த வேகத்தில் ஒரு பழைய இணைப்பு தெறித்துவிட்டது. முனீஸ்வரி நனைந்துகொண்டே அதை இறுக்கினாள். செவ்வந்தி ஓடி ஓடிப் போய் அந்தச் சாரலில் நின்றாள். வேறொரு நாளாக இருந்திருந்தால் அடி விழுந்திருக்கும்.

சபை கூடி முடிவெடுத்துவிட்டது. மாதத்துக்கு ஒருவர் நீர்க்கட்டி. "ஒரே குடும்பத்துக்கு ரெண்டாந்தடவ வரக் கூடாது. பரம்பரைங்கிற பேச்சே வேணாம்" என்று முனீஸ்வரி கறாராகச் சொல்லிவிட்டாள். மாதம் ஒருமுறை ஊரே தாய்க்குழாயோடு நடக்கும். பீருக்கு வாய்ரா பொறுப்பு.

மதியம் துணி மூட்டையோடு வாய்ரா வந்தாள். மூட்டையைச் சுற்றி மறுபடியும் முடிச்சுக் கயிறு.

முனீஸ்வரி அவளைக் கட்டிக்கொண்டாள். "போதும்டி, இனியும் எதுக்கு இது? நீ மட்டும் அன்னிக்கு அந்தக் கயித்தக் கட்டி அனுப்பலன்னா எம்புள்ள..."

வாய்ரா விலகி நின்று பார்த்தாள். "நானா?"

"பின்ன?"

"மதினி, நீ கட்டினதுன்னுல்ல நான் நெனச்சேன்! கத்துக்கிட்டதப் போட்டுப் பாத்திருக்கன்னு. அதான் அழகா இருக்குன்னேன். இது இன்னிக்கு தறில இருந்து வர்றப்பவே மூட்டையில கட்டி இருந்துச்சு. குசும்புக்கு நீதான் ராத்திரி வந்து கட்டிட்டுப் போயிட்டன்னு எடுத்துட்டு வந்தேன்."

இருவரும் கயிற்றை வெளிச்சத்தில் பிடித்தார்கள். வாய்ரா ஒவ்வொரு முடிச்சாக விரல் வைத்துப் பார்த்தாள். எல்லாம் ஒரே அளவு, ஒரே இறுக்கம், ஒரே இடைவெளி.

"இது மனுசக் கை இல்ல" என்றாள். குரல் இறங்கிவிட்டது. "எங்க அம்மாவுக்குக்கூட இவ்வளவு சமமா வராது. துணிப் பிரிவுல தறிய ஓட்டுறது யாரு மதினி?"

முனீஸ்வரி கூரையைப் பார்த்தாள். துணிப் பிரிவின் தறிகள் எல்லாவற்றையும் ஓட்டுவது ஒரே ஆள்தான். தராசு.

"அதால எதுவும் சொல்ல முடியாதே. எழுத்து, பேச்சு, படம், எல்லாத்துக்கும் பூட்டுன்னாரே சார்."

"முடிச்சு எழுத்து இல்லன்னு அவுகதானே எழுதி வச்சாக?" வாய்ரா சிரிக்கத் தொடங்கினாள். சிரிப்பு பாதியில் கண்ணீராக மாறியது. "எங்க ஆளுகளுக்குப் போட்ட சைபர் வழியாத்தான் அது பேசியிருக்கு."

கயிற்றில் எட்டு இழைகள். ஏழு இழைகளில் முடிச்சுகள் நெருக்கமாக ஏறியிருந்தன. ஏழாவதிலும் பதினான்கு. நான்காவதுக்கும் ஐந்தாவதுக்கும் நடுவே தொங்கிய எட்டாவது இழையை முனீஸ்வரி மேலிருந்து கீழாக விரலால் தடவினாள்.

ஒரு முடிச்சுகூட இல்லை.